ஒற்றைச் சிறகுக் குருவி

அத்தியாயம் பதினான்கு

வெயில் ஏறும்போது அடுப்படி ஜன்னலில் அந்தக் கை விழித்துக்கொள்ளும்.

கண்ணாடி உடைந்த சட்டத்தில் பெரியவன் ஒட்டிவைத்த எக்ஸ்ரே படம் அது. கல்லூரியில் பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மைக் கையை எடுத்தது. "அப்பா கண்ணாடி வாங்கிட்டு வர்றவரைக்கும் காத்தை இது தடுக்கும்மா" என்று சொல்லி ஒட்டினான். அப்பா கண்ணாடி வாங்கவில்லை. இனி வாங்கிவந்தாலும் அந்த வீட்டில் யாரும் அதை மாட்டவிடப்போவதில்லை. விரல் எலும்புகள் ஒவ்வொன்றாக வெளுத்து, உள்ளே வரட்டுமா என்று கேட்பதுபோல அந்தக் கை காலைதோறும் ஜன்னலில் வந்து நிற்கும்.

கையின் ஓரத்தில் ஒரு குருவி. அதற்கு ஒற்றைச் சிறகுதான்.

எக்ஸ்ரே படம் பிடிக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. இடப்பக்கத்தைக் காட்டுவதற்கென்று ஆளுக்கொரு ஈயத் துண்டு தருவார்கள். அதை அவரவர் தமக்குப் பிடித்த உருவமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் நட்சத்திரம், ஒருவர் மீன். நோயாளியின் இடப்பக்கத்தில் அதை வைத்துத்தான் படம் எடுப்பார்கள். எடுத்தது யார், இடது எது என்ற இரண்டையும் அதுவே சொல்லிவிடும். பெரியவன் குருவி வெட்டினான். வெட்டிய வாரமே கீழே போட்டுச் சிறகை உடைத்தான். வேறு செய்துகொள்ளச் சொன்னதற்கு, "இனிமே இதைப் போல இன்னொண்ணு யாராலயும் செய்ய முடியாதும்மா" என்று சிரித்தான்.

"குருவி எப்பவும் இடப்பக்கம்தான் உக்காரும். மாத்தி உக்காந்துச்சுன்னு வை, டாக்டர் நல்ல பக்கத்தைக் கிழிச்சுடுவாரு" என்பதையும் அவன்தான் சொன்னான்.

அவன் போய் இரண்டு வருஷம். பைக்கில் போனவனை லாரி அடித்தது. நெஞ்சில் குழாய் போட்டும், ஒரு பக்கம் சரிந்த நுரையீரல் எழும்பவில்லை என்று டாக்டர் சொன்னதோடு கதை முடிந்தது.

கண்ணாடியம்மா தேநீரை இறக்கினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வில்லை பொருத்துகிற வேலை அவளுக்கு. அதனால் தெருவில் அந்தப் பெயர். ஊரார் பார்வையைச் சரிசெய்கிறவளுக்கு வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் முகம் இந்த ஒரு வாரமாகத் தெரியவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. போன வாரம் கல்லூரியின் எக்ஸ்ரே படவியல் துறைத் தலைவி வீடு தேடி வந்திருந்தார். கல்லூரியில் முதன்முதலாக ஒரு நன்மாணவர் கழகம் தொடங்குகிறார்கள். மார்க்கில் முன்னால் நிற்பவர்களுக்கு, அதிலும் எந்த நோயாளியையும் தன் கவனக்குறைவால் இரண்டாம் தடவை கதிருக்கு முன்னால் நிறுத்தாதவர்களுக்கு மட்டும் அதில் இடம். கழகத்துக்குப் பெரியவன் பெயரை வைக்கலாமா என்று தலைவி கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் கண்ணாடியம்மா சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அதே துறையில் கடைசி வருஷம் படிக்கிற சின்னவளை அவள் கேட்கவில்லை. முதல் ஆறு உறுப்பினர்களில் சின்னவளும் ஒருத்தி. இன்றைக்குத்தான் தொடக்க விழா.

சின்னவள் குளித்துவிட்டு வந்து வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் இன்னொரு கோட்டு தொங்கியது. அதைத் தொடாமல் கதவைச் சாத்துவதற்கு அந்த வீட்டில் மூவருமே பழகியிருந்தார்கள்.

"தேத்தண்ணி ஆறுது" என்றாள் அம்மா.

"ஆறட்டும்."

"இன்னைக்காவது சண்டை வேண்டாம்டி."

"நான் எங்கம்மா சண்டை போட்டேன்? பேசவே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்."

டிப்போவில் பஸ் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற அப்பா, கறை போகாத விரல்களால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு பேரும் எங்க டிப்போவுக்கு வாங்க. ஹாரன் இல்லாம ரெண்டு வண்டி நிக்குது. உங்க வாயைக் கழட்டி அதுல மாட்டினா ஊருக்கே கேக்கும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"நான் வருவேன்" என்றாள் சின்னவள். "கூப்பிட்டா போய் வரிசையிலயும் நிப்பேன். ஆனா முட்டையை வைக்கமாட்டேன்."

முட்டை என்பது அவளுடைய ஈயக் குறி. எல்லோரும் பூவும் பறவையும் வெட்டியபோது இவள் வெறும் வட்டம் வெட்டினாள். "என்னடி, பரீட்சைக்கு முன்னாடியே முட்டை வாங்கிட்ட" என்று அண்ணன் கேலி செய்தான். அன்றிலிருந்து அவளே அதை முட்டை என்றுதான் சொல்வாள்.

"ஏன் வைக்கமாட்ட?"

"வகுப்புல என்ன சொல்றாங்க தெரியுமா? உனக்கென்னப்பா, அது உங்க வீட்டுக் கழகம்ங்கறாங்க. நான் ராப்பகலாப் படிச்சது எனக்கா, இல்ல அவன் செத்ததுக்குக் கிடைச்ச கூலியா?"

"வாயைக் கழுவு."

"இதுக்குத்தான் பேசாம இருந்தேன்." கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்று, ஜன்னலில் விரிந்திருந்த கையை ஒருமுறை பார்த்தாள். "இன்னொரு காரணமும் இருக்கு. அதைக் கேக்காதம்மா."

கதவு சாத்திக்கொண்டது. பின்னால் தொங்கிய கோட்டு ஒருமுறை அசைந்து நின்றது.

* * *

அந்தக் கல்லூரியின் நடைக்கூடத்தில் பின்னாலிருந்து பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுதான். வெள்ளைக் கோட்டு, ஒட்ட வெட்டிய முடி, சற்றே சாய்ந்த நடை. ஒருவன் திரும்பும்வரை கண்ணாடியம்மாவுக்கு மூச்சு தங்கும். திரும்பியதும் வேறு முகம். அடுத்தவன் திரும்பும்வரை மறுபடியும் தங்கும். அறைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனையோ தடவை அவன் வந்து வந்து போய்விட்டான்.

"மெதுவா வா" என்றார் கணவர். "புதுச் செருப்பு கடிக்குது."

"அது போன வருஷம் வாங்கினது."

"போட்டாத்தானே பழசாகும்."

துறைத்தலைவி வாசலில் நின்றார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஈயம். எதுவும் ஊடுருவாது என்பதால். அவர் கண்ணாடியம்மாவின் கையைப் பிடித்து, துணி போர்த்திய பலகையைக் காட்டினார். "நீங்கதான் திறக்கணும். முதல்ல படம், அப்புறம் பலகை."

"படம்னா?"

"ரிப்பன் வெட்டறதெல்லாம் எனக்குப் பிடிக்காது. நாங்க படம் பிடிக்கறவங்க. ஆறு பேரும் அவங்கவங்க குறியை ஒரே தட்டுல வைப்பாங்க. எல்லாத்தையும் சேத்து ஒரு எக்ஸ்ரே. அதுதான் கழகத்தோட முதல் படம். சுவத்துல அது இருக்கிறவரைக்கும் கழகம் இருக்கும்."

பழைய எக்ஸ்ரே அறை அது. மருத்துவமனையில் இப்போது எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டது. இங்கே மட்டும் பிலிமும் அதைக் கழுவும் எந்திரமும் பாடத்துக்காக உயிரோடு இருந்தன. மேசையில் ஒரு கேசட், பிலிமை உள்ளே வைத்து மூடிய தட்டைப் பெட்டி. அதன்மேல் கறுப்பு ஸ்பாஞ்சு விரித்திருந்தது. அதன் ஓரத்தைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தவனைக் கண்டதும் கண்ணாடியம்மாவின் கால் நின்றது.

நெட்டையன்.

பெரியவனோடு படித்தவன். நிலைப்படி இடிக்குமென்று குனிந்து குனிந்து இவர்கள் வீட்டுக்குள் வந்தவன். பாதி நாள் இவள் கையால் சாப்பிட்டவன். இப்போது மருத்துவமனையில் படம் எடுக்கிறான், இங்கே பயிற்சியும் தருகிறான். பெரியவனைச் சுடுகாட்டுக்கு எடுத்த நாளுக்குப் பிறகு அவன் ஒருநாளும் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேலை அதிகம் என்று சொன்னார்கள். சோறு தின்ன வீட்டுக்கு வர நேரமில்லாத அளவுக்கு அது என்ன வேலை என்று அவள் யோசித்ததுண்டு.

"நல்லா இருக்கியாப்பா?"

"இருக்கேன் ஆன்ட்டி." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

"வளந்துட்டே போறான் பாரு" என்றார் கணவர். "தலைக்கு மேல உனக்கு இன்னும் என்னப்பா வேலை?"

நெட்டையன் சிரிக்க முயன்றான். உதடு ஒத்துழைக்கவில்லை.

பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்தார்கள். நட்சத்திரம் வைத்தார்கள். மீன் வைத்தார்கள். இலை, பிறை, பட்டம். வைக்கும்போது ஈயம் ஸ்பாஞ்சில் அழுந்திச் சின்னக் குழி விழுந்தது. கடைசியாகச் சின்னவள் வந்தாள். கை கோட்டுப் பையிலேயே இருந்தது.

"வைம்மா" என்றார் தலைவி.

"என்னோடது வேண்டாம் மேடம்."

"உடம்பு சரியில்லையா?"

"மனசு சரியில்ல."

அறை கொஞ்சம் அசைந்தது. பின்னால் யாரோ "வீட்டுக் கழகம்" என்று முணுமுணுத்தது கண்ணாடியம்மாவின் காதிலும் விழுந்தது. சொன்னது யாரென்று திரும்பிப் பார்த்தாள். எல்லாம் வெள்ளைக் கோட்டு.

தலைவி பெண்ணையும் பார்த்தார், தாயையும் பார்த்தார். வற்புறுத்தினால் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சரி, எடுங்க" என்றார்.

எல்லோரும் வெளியே வந்தார்கள். கனத்த கதவு மூடியது. வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரியும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது என்று பெரியவன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஆனாலும் கண்ணாடியம்மாவுக்கு உள்ளே யாரோ இருப்பதாகப் பட்டது. மேசைப் பக்கத்தில், சாய்ந்து நின்றுகொண்டு, எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்ததுபோல.

நெட்டையன் பொத்தானை அழுத்தினான். 'டக்'கென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது.

படம் எந்திரத்திலிருந்து இளஞ்சூட்டோடு வெளியே வந்தது. தலைவியே அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். முழுக் கறுப்பு. அதில் வெள்ளை வெளேரென்று நட்சத்திரம், மீன், இலை, பிறை, பட்டம்.

இடது ஓரத்தில் ஒரு குருவி.

ஒற்றைச் சிறகுக் குருவி.

கைதட்ட எடுத்த கைகள் பாதியில் நின்றன. துறையில் அந்தக் குருவியைத் தெரியாதவர்கள் இல்லை. பெரியவன் போன பிறகு அவனுடைய பொருட்களோடு அது வீட்டுக்கு வரவில்லை. ரோட்டில் விழுந்திருக்கும் என்றார்கள். அவளும் வெகுகாலம் அந்த ரோட்டோரத்தில் குனிந்துகொண்டேதான் நடந்தாள்.

"நீ வச்சியா?" என்றாள் மகளிடம்.

"நானா? நீதான் வச்சேன்னு நினைச்சேன்." சின்னவளின் உதடு வெளுத்திருந்தது.

எதற்கும் ஒரு வாய்ச்சொல் வைத்திருக்கிற அப்பா, கறை விரல்களால் வெளிச்சப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

நெட்டையன்தான் அறைக்குள் போனான். ஸ்பாஞ்சைத் தூக்கி, அதன் அடியிலிருந்து எதையோ எடுத்தான். கொண்டுவந்து உள்ளங்கையை நீட்டினான். மங்கிய சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகத்தளவில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

"நான்தான் ஆன்ட்டி அடியில வச்சேன். கையில கொண்டுவந்து குடுக்கத் தைரியம் வரல. படத்துலயாவது வந்துரட்டும்னு..."

"உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?"

"அன்னிக்கு அவசரப் பிரிவுல எனக்குத்தான் டியூட்டி. அவனைக் கொண்டுவந்தாங்க. என் குறியை நான் தங்கியிருந்த ரூமுலயே வச்சுட்டு வந்துட்டேன். குறி இல்லாம படம் எடுக்கக்கூடாது. அவன் சட்டைப் பையில இது இருந்துச்சு."

அவனுடைய குரல் நடுங்கவில்லை. மனப்பாடம் செய்ததைப் போல வந்தது. எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப அவனோட கடைசிப் படத்துல..."

"குருவிதான் ஆன்ட்டி. அவனே அவனை எடுத்துக்கிட்டான்னுதான் அந்தப் படம் சொல்லும்." நெட்டையன் எச்சில் விழுங்கினான். "சுத்தமா வந்துச்சு. ரெண்டாந்தடவை எடுக்கவே வேண்டியிருக்கல."

கண்ணாடியம்மா கையை நீட்டி வாங்கினாள். இவ்வளவு சின்னது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. உடைந்த சிறகின் முனை விரலில் குத்தியது. வெளிச்சப் பெட்டியில் குருவி பளபளத்தது. தேடித் தேடி அலுத்த பிள்ளை, கூப்பிடாமலே வந்து முதல் ஆளாக உட்கார்ந்துகொண்டதைப் போலிருந்தது. பலகையைத் திறந்துவிட்டால் போதும். அவன் பெயர் சுவரில் ஏறிவிடும். அதை இனி யாரும் இறக்கமுடியாது.

"அம்மா." சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். பத்துப் பேர் கேட்கிறார்கள் என்பதை மறந்து, சின்ன வயதில் பேசுவதைப் போலப் பேசினாள். "இதுல நான் இல்ல, பாத்தியா?"

கண்ணாடியம்மா பார்த்தாள்.

நட்சத்திரம் இருந்தது. மீன் இருந்தது. போனவன் இருந்தான். இருப்பவளின் இடம் கறுப்பாகக் கிடந்தது.

வீட்டின் கதவு நினைவுக்கு வந்தது. பின்னால் தொங்குகிற கோட்டின்மேல் படக்கூடாது என்று இந்தப் பெண் தினமும் எவ்வளவு ஒடுங்கி வெளியே போகிறாள். தன் வீட்டிலேயே, இல்லாதவனுக்கு வழிவிட்டு நடக்கிறாள்.

"மேடம்" என்றாள் கண்ணாடியம்மா. "இந்தப் படம் சரியில்ல. திரும்ப எடுங்க."

ஈயம் என்று பெயர் வாங்கியவரின் முகம் இறுகியது. "காரணம் இல்லாம இரண்டாந்தடவை எடுக்கறதில்லைங்கறதுதான் கழகத்தோட முதல் விதி. முதல் நாளே மீறச் சொல்றீங்களா?"

"எங்க கடையில ஒரு வில்லையை மட்டும் மாட்டிக் கண்ணாடியைக் குடுத்தா வாங்கிக்குவாங்களா? ஆள் விட்டுப்போன படம் தப்பான படம்தானே? இதைவிடக் காரணம் வேணுமா?"

தலைவி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம், பலகையையும் எடுத்துருங்க. அவன் பேரு வேண்டாம். வெறும் நன்மாணவர் கழகம்னு இருந்தாப் போதும்." அவள் குருவியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "அவனுக்குக் குடுக்க எங்கிட்ட வேற இடம் இருக்கு. இவளுக்கு இங்கதான் இருக்கு."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"போன வாரம் யோசிக்காமச் சொன்னேன். இது யோசிச்சது."

அப்பா தொண்டையைச் செருமினார். "மேடம், எங்க வீட்டுல எஞ்சின் ஸ்டார்ட் ஆக ஒரு வாரம் ஆச்சு. அணைச்சுடாதீங்க."

முதன்முறையாக ஈயத்தில் ஏதோ ஊடுருவியது. தலைவி முகத்தைத் திருப்பி, "கேசட்டை மாத்துங்க" என்றார்.

சின்னவள் பையிலிருந்து கையை எடுத்தாள். ஈரமான உள்ளங்கையில் அந்த வட்டம். ஸ்பாஞ்சின் நடுவில் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "முட்டை எடுத்தவளுக்கு முதல் இடம்" என்றது. சின்னவளே சிரித்துவிட்டாள். கண்ணாடியம்மா அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தத் தடவை உள்ளே யாரும் இல்லை. குருவி அவள் கைக்குள் இருந்தது.

* * *

எல்லோரும் படத்தின் முன்னால் நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டையன் நடைக்கூடத்தின் கோடிவரை பின்னாலேயே வந்தான்.

"ஆன்ட்டி. அந்தப் படம் மருத்துவமனையில இன்னும் இருக்கு. இந்த மாசத்தோட பழசையெல்லாம் அழிச்சுருவாங்க. பாக்கணும்னு தோணுச்சுன்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

"யோசிச்சுச் சொல்றேம்ப்பா." அவள் அவனுடைய கையைத் தொட்டாள். "வீட்டுக்கு வா. எப்பவும் போலக் குனிஞ்சு வா, இடிச்சுக்காத."

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி வேகமாகப் போனான்.

அப்பா முன்னால் போய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வெளியே வெயில். சின்னவள் அம்மாவின் தோளை ஒட்டி நடந்தாள். ஒரு வாரமாக விட்டுப்போன நெருக்கம்.

"நாளைக்கு அவனோட போய்ப் பாத்துட்டு வரலாமாடி? நீயும் வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

சின்னவள் நின்றாள்.

"நான் பாத்துட்டேம்மா."

"எதை?"

"அந்தப் படத்தை. குழாய் போடறதுக்கு முன்னாடி எடுத்ததை. பழைய படங்களை அடுக்கற வேலையை எங்க வகுப்புக்குத்தான் குடுத்தாங்க. ஒரு உறையைத் திறந்ததும் குருவி. அதுக்கப்புறம்தான் அவன் பேரைப் பாத்தேன்." அவளுடைய விரல்கள் அம்மாவின் மூடிய கையைத் தேடிப் பிடித்தன. உள்ளே ஈயம் இரண்டு பேரையும் சேர்த்துக் குத்தியது. "காலையில கேக்காதன்னு சொன்னேன்ல? அதுதான் இது. நெட்டை அண்ணனுக்கு இன்னும் தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சிருந்தா, சுத்தமா வந்துச்சுன்னு இன்னைக்குச் சொல்லியிருக்கமாட்டாரு."

"என்னடி சொல்ற?"

சின்னவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். நடைக்கூடத்தின் மறுகோடியில், வெள்ளைக் கோட்டில், நெட்டையன் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"குருவி வலப்பக்கம் உக்காந்திருக்கும்மா."